"பத்து வெள்ளிதானே!" என்றவருக்கு: பினாங்கு விடுதி வரி பற்றி

தாம்பரத்தான்:
சென்ற வாரம் இக்களத்தின் பயணப் பகுதியில் "பினாங்குப்பிள்ளை" என்னும் அன்பர் இட்டிருந்த குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மலேசியாவில் வெளிநாட்டவர் விடுதியில் தங்கினால் கட்ட வேண்டிய சுற்றுலா வரியைப் பற்றி யாரோ கேட்ட கேள்விக்கு, "பத்து வெள்ளி (ரிங்கிட்) என்பது ஒரு தட்டு நாசி கண்டார் (குழம்பு ஊற்றிய சோறு) விலை, அதற்காகப் பயணத்தைக் கைவிட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை" என்று அவர் பதில் எழுதியிருந்தார். அடுத்தவர் பணப்பையை இவ்வளவு தாராளமாகத் திறந்து வைப்பவரை நானும் கண்டதில்லை.

நானும் என் மனைவியும் மகனும் மருமகளுமாக நால்வர், தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்கப் பினாங்கு சென்றிருந்தோம். ஜார்ஜ்டவுனில் ஒரு மூன்று நட்சத்திர விடுதியில் இரண்டு அறைகள், இரண்டு இரவுகள். சென்னையில் இருந்தபடியே முன்பதிவுச் செயலி ஒன்றின் வழியாக முழுத் தொகையையும் செலுத்தி, "வரிகள் உட்பட" என்ற வாசகம் தெரியும்படி அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அங்கே கவுண்டரில் இருந்த பெண், லேமினேஷன் செய்த ஓர் அட்டையைப் பேனா முனையால் தொட்டுக் காட்டி, 48 ரிங்கிட்டை ரொக்கமாகக் கேட்டார். ஐம்பது ரிங்கிட் தாளை நீட்டினேன்; நீல நிறத்தில் இரண்டு ஒற்றை ரிங்கிட் தாள்கள் திரும்பி வந்தன. நால்வருக்கு 48 என்றால் தலைக்கு 12. அன்பர் சொன்ன "பத்து" எங்கே, நான் கொடுத்த பன்னிரண்டு எங்கே? முப்பத்தெட்டு ஆண்டுகள் தணிக்கைப் பணியில் இருந்தவனிடம் கணக்குச் சொல்லும்போது சற்று யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

பினாங்குப்பிள்ளை:
ஐயா, என் குறிப்புக்குத் தனி இழையே திறந்து கௌரவித்திருக்கிறீர்கள், நன்றி. தங்கள் முப்பத்தெட்டு ஆண்டு அனுபவத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கணக்கைத் திருத்துகிறேன்.

மத்திய அரசின் சுற்றுலா வரி 2017 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அது அறை ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு 10 வெள்ளி. அறையில் ஒருவர் படுத்தாலும் மூவர் படுத்தாலும் அதே பத்துதான். இதைத் தவிர, பினாங்கு மாநிலத்தில் 2014 முதல் உள்ளாட்சிக் கட்டணம் ஒன்று உண்டு. மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் என்றால் 2 வெள்ளி, நான்கும் ஐந்தும் என்றால் 3 வெள்ளி. தங்களுக்கு இரண்டு அறைகள், இரண்டு இரவுகள். ஆக நான்கு அறை இரவுகள், ஒவ்வொன்றுக்கும் 10 கூட்டல் 2. நான்கு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ஒரு காசுகூட அதிகமாக வாங்கவில்லை. தலையை எண்ணி வரி வாங்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

தாம்பரத்தான்:
நான்கு பன்னிரண்டு நாற்பத்தெட்டு என்பதைத்தானே நானும் எழுதினேன்? நான் நான்கு தலைகள் என்றேன். தாங்கள் நான்கு அறை இரவுகள் என்கிறீர்கள். விடை ஒன்றாக இருப்பதால் என் வழி தவறு என்றும் தங்கள் வழி சரி என்றும் எப்படித் தீர்ப்பளித்தீர்கள்? அந்தப் பெண் எங்கள் நான்கு பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி, ஒவ்வொன்றாக விரித்து வைத்து, அதன் பிறகே தொகையைச் சொன்னார். அறைக்குத்தான் வரி என்றால் நான்கு பாஸ்போர்ட்டுகள் எதற்கு?

இதற்கிடையில் தாங்களாகவே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். மத்திய அரசுக்குப் பத்து, மாநிலத்துக்கு இரண்டு. இவற்றோடு அறை வாடகையின் மேல் சேவை வரி வேறு இருக்கிறது. அது 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக ஏறியிருக்கிறது. ஒரே கட்டிலுக்கு மூன்று வரி. தங்கள் நாசி கண்டார் தட்டில் இவற்றில் எதுவும் தென்படவில்லையே.

சொல்லாய்வான்:
விவாதம் தொடரும் முன் சொற்களை வரையறுத்துக்கொள்வது நலம். 2017ஆம் ஆண்டின் சுற்றுலா வரிச் சட்டத்தின்படி சுங்கத்துறை திரட்டுவது "வரி". உள்ளாட்சி மன்றங்கள் வாங்குவது "கட்டணம்". வாடகையின் விழுக்காடாக வருவது "சேவை வரி". அதை மலேசியரும் கட்டுகிறார், வெளிநாட்டவரும் கட்டுகிறார். இம்மூன்றையும் "விடுதி வரி" என்ற ஒரே சாக்கில் கட்டினால் யாருடைய கணக்கும் தீராது. முதலில் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முடிவு செய்யலாமா?

ஈசூன்வாசி:
ஐயா தாம்பரத்தான் அவர்களுக்கு ஒரு சிறு கேள்வி. தலைக்குப் பன்னிரண்டு என்பது உண்மையானால், நால்வர் இரண்டு இரவுகள் தங்கியதற்கு 96 அல்லவா வந்திருக்க வேண்டும்? தாங்கள் 48தான் கொடுத்தீர்கள். ஆகவே பிள்ளையவர்கள் சொல்வதே பொருந்துகிறது.

ஆனால் பிள்ளையவர்களோடும் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான் பிறந்தது ஈப்போவில். வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, இங்கேயே குடியுரிமை பெற்றுவிட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அண்ணன் வீட்டில் இடம் போதாமல் விடுதியில்தான் தங்குகிறோம். கோலாலம்பூரில் இருந்து வரும் என் தம்பி அடுத்த அறையில் தங்குகிறான். அவன் ஐசியை (மலேசிய அடையாள அட்டையை)க் காட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போகிறான். நான் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பத்து வெள்ளி கட்டிவிட்டு அவன் பின்னால் போகிறேன். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு இடையில் ஒரு மேசை வைத்து வரி வாங்குகிறார்கள். தொகை சிறியதுதான்; சிங்கப்பூர்க் காசில் மூன்று வெள்ளி சொச்சம். அந்த மேசைதான் உறுத்துகிறது.

தாம்பரத்தான்:
"தலைக்கு ஓர் இரவுக்குப் பன்னிரண்டு" என்று நான் எங்கே எழுதினேன்? "தலைக்குப் பன்னிரண்டு" என்றேன். எழுதாத சொல்லை என் வாயில் திணித்து, அதை இரண்டால் பெருக்கி, 96 என்று ஒரு பூச்சாண்டி காட்டுவது விவாத நேர்மை ஆகாது.

மேலும், ஒருவர் "பத்து வெள்ளி" என்று மலேசியப் பணத்தைச் சொல்கிறார். இன்னொருவர் "மூன்று வெள்ளி" என்று சிங்கப்பூர்ப் பணத்தைச் சொல்கிறார். எது எந்த வெள்ளி என்று படிப்பவருக்கு எப்படி விளங்கும்? எங்கள் ஊரில் வெள்ளி என்றால் கொலுசு செய்யும் உலோகம், தவறினால் கிழமை. ரிங்கிட்டுக்கு ரிங்கிட் என்றே பெயர் இருக்கையில் எதற்கு இந்தக் குழப்பம்?

ஈசூன்வாசி:
எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறோம், ஐயா. ஜொகூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சொன்னால் சிங்கப்பூர் வெள்ளி, அந்தப் பக்கம் சொன்னால் மலேசிய வெள்ளி. இதுவரை யாரும் ஏமாந்து போனதில்லை. தாங்கள் 96க்குப் பதில் சொல்லாமல் கொலுசுக்குப் போய்விட்டீர்கள்.

பினாங்குப்பிள்ளை:
பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்டீர்கள். எந்த நாட்டில் பாஸ்போர்ட் வாங்காமல் அறை கொடுக்கிறார்கள்? சென்னையில் நான் தங்கியபோது என் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துக்கொண்டார்கள். நான் அதற்கு இழை திறக்கவில்லை.

வெளிநாட்டவர் என்று பிரித்துப் பணம் வாங்குவது ஏதோ மலேசியா கண்டுபிடித்த கொடுமை போலப் பேசுகிறீர்கள். என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அந்த மண்ணைப் பார்க்க ஆசைப்பட்டு வந்து, மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் காண வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற சென்னைக்காரர் 40 ரூபாய் கொடுத்தார். என்னிடம் 600 ரூபாய் வாங்கினார்கள். பதினைந்து மடங்கு! பல்லவன் செதுக்கிய கல்லைத் தமிழன் பார்ப்பதற்குப் பதினைந்து மடங்கு. நான் அப்போது முகத்தைச் சுளிக்கவில்லை, "பராமரிப்புக்குத்தானே" என்று கொடுத்துவிட்டு உள்ளே போனேன். இங்கே தாங்கள் கொடுத்த பத்து வெள்ளி, தங்கள் பணத்தில் இருநூறு ரூபாய்க்குச் சற்று முன்பின். அதுவும் ஓர் அறைக்கு, தலைக்கு அல்ல. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் விசா இல்லாமலேயே முப்பது நாள் வந்து போகலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். விசாவுக்குக் கட்டியிருக்க வேண்டிய பணம் மிச்சமானதை மட்டும் எந்தத் தணிக்கையாளரும் குறித்துக்கொள்வதில்லை.

தாம்பரத்தான்:
மாமல்லபுரத்தில் தாங்கள் கொடுத்தது நுழைவுக் கட்டணம். விருப்பம் இருந்தால் கொடுத்து உள்ளே போகலாம், இல்லையென்றால் கடற்கரையில் நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இரவு பதினொரு மணிக்குப் பெட்டியோடு விடுதி வாசலில் நிற்பவனுக்கு அந்தத் தேர்வு உண்டா? கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வேறுபாடுகூடத் தெரியாமல் ஒப்பிடுகிறீர்களே.

இப்போது நாசி கண்டாருக்கு வருகிறேன். தங்கள் ஊரில் பெயர்பெற்ற கடைத்தெரு ஒன்றில் அரை மணி நேரம் வரிசையில் நின்று, சோறும் ஓர் இறாலும் வெண்டைக்காயும் வாங்கினேன். 28 ரிங்கிட். பத்து ரிங்கிட்டுக்கு நாசி கண்டார் கிடைக்கும் கடையைத் தாங்கள் காட்டினால் அடுத்த விமானத்தில் வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வரி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? 60 ரிங்கிட் வாடகையுள்ள அறையில் தங்கும் மாணவனும் பத்து கொடுக்கிறான். 600 ரிங்கிட் அறையில் கடலைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கும் செல்வந்தரும் பத்து கொடுக்கிறார். மாணவனுக்கு அது வாடகையில் ஆறில் ஒரு பங்கு, செல்வந்தருக்கு அறுபதில் ஒரு பங்கு. முதலில் நட்சத்திரத்துக்கு ஏற்ப, ஐந்து நட்சத்திரத்துக்கு 20, நான்குக்கு 10 என்றும், அதற்குக் கீழே இன்னும் குறைவாகவும்தான் திட்டமிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். பிறகு எல்லாரையும் ஒரே படியில் நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவருக்கு இது வசதியாக இருந்திருக்கிறது. அந்த ஒருவர் நிச்சயமாகத் தோளில் பையை மாட்டிக்கொண்டு வரும் இளைஞன் இல்லை. "பத்துதானே" என்று சொல்ல முடிவதே, அந்தப் பத்து தமக்கு வலிக்காதவர்களால்தான். எனக்குத் தலைக்குப் பன்னிரண்டு வலித்தது, சொல்கிறேன்.

சொல்லாய்வான்:
கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை நான் இதே இழையில் முன்பே விளக்கியிருந்தேன். அப்போது எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகிழ்ச்சி.

ஆரே நதிக்கரை:
வணக்கம். நான் சுவிற்சர்லாந்தில் பேர்ண் நகரில் வசிக்கிறேன். இங்கே தாம்பரத்து ஐயா தலைக்கு வரி என்று சொல்லித் திகைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏனெனில் எங்கள் நாட்டில் இந்த வரி தலைக்குத்தான், அதுவும் ஒவ்வொரு இரவுக்கும். ஒரே அறையில் இருவர் படுத்தால் இரண்டு மடங்கு. அதைப் பற்றி ஒருவரும் முறையிடுவதில்லை, காரணம் இருக்கிறது. பேர்ணில் ஹொட்டலில் பதிந்தவுடன் ஒரு பயணச் சீட்டைத் தருகிறார்கள். தங்கியிருக்கும் நாள்களில் ட்ராமிலும் பஸ்ஸிலும் இலவசமாகப் போகலாம். ஜெனீவாவிலும் அப்படியே. திச்சினோ மாநிலத்தில் 2017இல் இருந்து மாநிலம் முழுவதும் ரயிலுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். என் தங்கை குடும்பம் லண்டனில் இருந்து வந்தபோது, வரி எவ்வளவு என்று கேட்கவே மறந்துபோய் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ட்ராமில் சுற்றினார்கள்.

ஆகவே பத்தா பன்னிரண்டா, அறைக்கா தலைக்கா என்பதை விட்டுவிட்டு, பிள்ளை அண்ணாவிடம் ஒன்றைக் கேட்கிறேன். அந்த லேமினேஷன் அட்டையைக் காட்டிப் பணம் வாங்கிய பிறகு, பயணியின் கையில் எதைக் கொடுக்கிறீர்கள்?

தாம்பரத்தான்:
இரண்டு நீல நிற ஒற்றை ரிங்கிட் தாள்களைக் கொடுத்தார்கள், அம்மா. அவையும் என் பணத்தின் மிச்சம்.

பினாங்குப்பிள்ளை:
சகோதரி, ஜார்ஜ்டவுன் நகருக்குள் கேட் என்று ஓர் இலவசப் பேருந்து ஓடுகிறது. அதில் ஏற ஐசியும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம், விடுதிச் சீட்டும் வேண்டாம். சாலையில் போகிற எவரும் ஏறலாம். ஐயா அதில் ஏறியிருந்தால் 48ஐ மீட்டிருக்கலாம், டாக்சியில்தான் போயிருப்பார். வசூலாகும் சுற்றுலா வரியில் பாதியை மாநிலங்களுக்குப் பகிர்வது என்று 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதற்கு முன் மாநிலங்கள் கசந்துகொண்டது உண்மைதான். 2017இல் சரவாக் மாநிலச் சுற்றுலா அமைச்சர் எதிர்த்துப் பேசியதற்கு, மத்திய அமைச்சர் நஸ்ரி அஸிஸ் அவரைச் "சம்செங்" (மலாயில் ரவுடி) என்று சொல்ல, சரவாக் தேசியச் சுற்றுலா வாரியத்திலிருந்தே விலகிக்கொண்டது. ஆகவே இந்த வரியைப் பற்றித் தாம்பரத்திலிருந்து எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பயணிகள் ஓடிவிட்டார்கள் என்பதற்கு எண்ணைக் காட்டுங்கள். 2018இல் மலேசியாவுக்கு வந்தவர்கள் 2 கோடியே 58 லட்சம். 2019இல் 2 கோடியே 61 லட்சம். வரி இருக்கும்போதே எண்ணிக்கை ஏறியிருக்கிறது.

தாம்பரத்தான்:
எண்ணைக் கேட்டீர்கள், இதோ. 2016இல் 2 கோடியே 68 லட்சம். வரி வந்த 2017இல் 2 கோடியே 59 லட்சம். அடுத்த ஆண்டு இன்னும் ஒரு லட்சம் குறைவு. தாங்கள் 2018இலிருந்து எண்ணத் தொடங்கியது ஏன் என்று எந்தத் தணிக்கையாளருக்கும் புரியும். தரையில் விழுந்த பந்து ஒரு முழம் எழும்பியதைக் காட்டி, அது மாடியிலிருந்து விழுந்ததை மறைக்கப் பார்க்கிறீர்கள்.

ஆரே நதிக்கரை:
இருவருக்கும்தான் சொல்கிறேன். 2017 செப்டம்பரில் வந்த வரி, அந்த ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் வராமல் போனவர்களை எப்படித் தடுத்திருக்கும்? அதுபோல, 2019இல் மூன்று லட்சம் பேர் அதிகமாக வந்தது வரி இருந்ததாலும் இல்லை. கொரோனாக் காலத்தில் 2020 ஜூலையில் இருந்து 2022 டிசம்பர் வரைக்கும் இந்த வரியை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லையை மூடி வைத்திருந்த நாள்களைக் கொண்டு இனி யாரும் புதிய கணக்கோடு வந்துவிடாதீர்கள்.

அம்ஸ்ரர்டாமில் 2024இல் இருந்து அறை வாடகையில் 12.5 விழுக்காடு வாங்குகிறார்கள். கியோத்தோவில் 2026 மார்ச்சில் இருந்து, ஓர் இரவுக்கு ஒரு லட்சம் யென்னும் அதற்கு மேலும் செலவழிப்பவரிடம் தலைக்குப் பத்தாயிரம் யென். ஆறாயிரம் யென்னுக்குக் கீழ்ப்பட்ட இடத்தில் தங்குபவரிடம் இருநூறுதான். கூட்டம் தாங்காமல் வைத்த வரி அவை. மலேசியா கூட்டம் வர வேண்டும் என்று விசாவையும் எடுத்துவிட்டு, வந்தவரிடம் வாசலில் பத்து கேட்கிறது. எனக்கு அதுதான் விளங்கவில்லை.

தாம்பரத்தான்:
பார்த்தீர்களா, கியோத்தோவில்கூட ஏழைக்கு ஒரு விகிதம், பணக்காரனுக்கு ஒரு விகிதம். அதோடு, கியோத்தோவில் தலைக்கு என்று துணிந்து சொல்லியே வாங்குகிறார்கள். பினாங்கில் தலைக்கு வாங்கிவிட்டு அறைக்கு என்கிறார்கள்.

பினாங்குப்பிள்ளை:
எத்தனை முறை சொல்வது, ஐயா? அறைக்கு, அறைக்கு, அறைக்கு.

தங்கள் பழைய பதிவு ஒன்றை இங்கே நினைவூட்டுகிறேன். 2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது, கோவை நண்பர் ஒருவர் அலைக்கழிப்பு என்று புலம்பினார். அவருக்குத் தாங்கள் எழுதிய பதில்: "மலையைப் பார்க்க வருகிறவன் மலைக்கு ஏதேனும் கொடுத்துவிட்டுப் போகட்டும், ஆளுக்கு இருநூறு ரூபாய் வைத்தாலும் தவறில்லை." நீலகிரிக்கு இருநூறு நியாயம், பினாங்குக்கு இருநூறு கொள்ளையா?

தாம்பரத்தான்:
அந்த இழையில் நான் எழுதியதில் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுத்திருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வாக்கியத்தில் "சோதனைச் சாவடியில், வெளிப்படையாக, ரசீதோடு" என்று எழுதியிருந்தேன். தேடிப் பாருங்கள். மலையடிவாரத்தில் நிறுத்திக் கேட்டால் கொடுக்கலாம், திரும்பிப் போகலாம். "வரிகள் உட்பட" என்று எழுதி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, நாடு விட்டு நாடு வந்த பிறகு கவுண்டரில் வைத்துக் கேட்பதைத்தான் நான் கண்டிக்கிறேன். அன்று என் மருமகள் என் சட்டையை இழுத்து, "மாமா, கொடுத்துவிடுங்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்றாள். ஐம்பது ரிங்கிட்டுக்காக வாதாடும் கிழவன் என்று அந்த வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. அதற்கு எந்த நாசி கண்டாரை ஈடாகத் தருவீர்கள்?

இரவுப்பணி:
இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பினாங்குத் தீவில் ஒரு விடுதியில் இரவு நேரக் கவுண்டரில் வேலை. ஐயா தங்கிய விடுதியா என்று கேட்க வேண்டாம்.

அந்த அட்டையை லேமினேஷன் செய்து வைப்பது, ஒரு நாளில் இருபது முறை அதைப் பேனாவால் தொட்டுக் காட்ட வேண்டியிருப்பதால்தான். 2023 முதல் இணைய முன்பதிவுத் தளங்களே சுற்றுலா வரியை வசூலித்துக் கட்டும் ஏற்பாடு வந்திருக்கிறது. இருந்தாலும் எந்த முன்பதிவில் வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது, எதில் நாங்கள் வாங்க வேண்டும் என்பது எங்கள் திரையில் தெரிவதற்கும் பயணியின் தாளில் தெரிவதற்கும் சில நேரம் பொருத்தம் இருப்பதில்லை. வாங்காமல் விட்டுவிட்டு, அந்த மூன்று மாதக் கணக்கைச் சுங்கத்துறைக்கு அனுப்பும்போது குறைந்தால் முதலாளி என்னைத்தான் கேட்பார். "வரிகள் உட்பட" என்று எழுதியவர் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கிறார். திட்டு வாங்குவது நான். போன மாதம் ஒருவர் கோபத்தில் பத்து வெள்ளியையும் இருபது காசு நாணயங்களாகவே எண்ணி மேசையில் குவித்தார். ஐம்பது நாணயங்கள். நான் எண்ணி முடிக்கும் வரை அவரும் நின்றார், பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள்.

தாம்பரத்தான்:
அம்மா, தங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தாங்களே நேரில் வந்துவிட்டதால் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். தொகையைக் கணக்கிடும்போது முதலில் எண்ணுவது அறைச் சாவிகளையா, பாஸ்போர்ட்டுகளையா?

இரவுப்பணி:
பாஸ்போர்ட்டுகளை, ஐயா. யார் மலேசியர், யார் நிரந்தரவாசி என்று பார்த்த பிறகுதான் எந்த அறைக்கு வரி என்று முடிவாகும்.

தாம்பரத்தான்:
பாஸ்போர்ட்டுகளைத்தான் முதலில் எண்ணுகிறார்கள் என்பதைப் பினாங்குப்பிள்ளை அவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

பினாங்குப்பிள்ளை:
அதற்கு அடுத்த வாக்கியத்தைத் தாங்கள் குறித்துக்கொள்ளவில்லையே! ஒரு வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுக்கிறேன் என்று சற்று முன் என்னைக் குறை சொன்னவர் யார்?

நிர்வாகி:
இரு தரப்பினரும் தனிமனிதச் சாடலைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இறாலின் விலை பற்றித் தனிமடலில் வந்துள்ள ஏழு புகார்கள் உணவுப் பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளன.

ஈசூன்வாசி:
சண்டைக்கு நடுவில் ஓர் உதவி கேட்கலாமா? வரும் பள்ளி விடுமுறையில் பினாங்கு போகிறோம். அதே போல் மூன்று நட்சத்திர விடுதி, மூன்று அறைகள், இரண்டு இரவுகள், மொத்தம் ஏழு பேர். ஓர் அறையில் ஈப்போ அண்ணனும் அண்ணியும். இருவரிடமும் மலேசிய ஐசி உண்டு. மற்ற இரண்டு அறைகளில் நாங்கள். ரொக்கமாக எவ்வளவு எடுத்துச் செல்லட்டும்?

பினாங்குப்பிள்ளை:
இணையத்தில் வரியைக் கட்டவில்லை என்றால், தங்கள் இரண்டு அறைகளுக்குச் சுற்றுலா வரி இரண்டு இரவுக்கு 40. உள்ளாட்சிக் கட்டணம் அண்ணன் அறையையும் சேர்த்து மூன்று அறைகளுக்கு இரண்டு இரவுக்கு 12. ஆக 52 வெள்ளி. வாருங்கள், பத்து வெள்ளிக்கு நாசி கண்டார் கிடைக்கும் கடைக்கு நானே அழைத்துப் போகிறேன்.

தாம்பரத்தான்:
ஏழு பேருக்கு 52 என்றால் தலைக்கு 7 ரிங்கிட் 43 காசு. என்னிடம் வாங்கியது தலைக்கு 12. இந்த 4 ரிங்கிட் 57 காசு வித்தியாசத்துக்குப் பிள்ளையவர்கள் என்ன விளக்கம் சொல்லப் போகிறார் என்று காத்திருக்கிறேன்.